சமய ஓவியங்களிற் காணும் படைக்கலங்கள்

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் வளர்ந்த நாம், கோயிற் சுவரில் எழுதப்பட்ட முனியாண்டியையும் அவர் கையிலுள்ள அரிவாளையும் சிறுவயது முதலே கண்டு பழகியவர்கள். ஆயினும் அந்த அரிவாள் எக்காலத்தது என்று நாம் வினவியதில்லை. சமய ஓவியங்களைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஓவியன் தீட்டுவது பழங்கதையே எனினும், படைக்கலங்களைத் தன் காலத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறான்.

மேனாட்டு மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் இதற்குத் தக்க சான்று. ஹான்ஸ் மெம்லிங் 1467 முதல் 1471 வரையில் தீட்டிய 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தில் மிக்கேல் என்னும் தேவதூதர் ஆன்மாக்களைத் தராசில் நிறுக்கிறார். வானவராகிய அவர் அணிந்திருப்பதோ, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரனின் உலோகத் தகட்டுக் கவசம்!

நம்மவர் மரபும் இத்தகையதே. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர்காலப் பூச்சின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றில் திரிபுராந்தகப் பெருமான் தேர்மீது வில்லேந்தி நிற்க, அசுரர் எதிர்த்து நிற்கின்றனர். வில்லும் வாளும் கேடயமும் விளங்கும் அப்போர்க்களத்தில் துப்பாக்கி இல்லை. 11ஆம் நூற்றாண்டுத் தமிழகம் அதனை அறியாது.

இனி, நம் மலைநாட்டுக்கு அண்மையிலுள்ள கண்டிக்கு வருவோம். நாயக்கர் மரபினனான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தில் தம்புள்ளை, தெகல்தொருவை முதலிய குகை விகாரைகள் ஓவியங்களாற் பொலிந்தன. கண்டிக்கால விகாரை ஓவியங்களில் வேலோடும் வாளோடும் துப்பாக்கியும் காணப்படுகிறது. புத்தர் பிரான் வாழ்ந்தது கிறித்துவுக்கு முன். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்ததோ 1505இல். அவர்கள் வழியே பரவிய துப்பாக்கியைக் கண்டிநாட்டுக் கொல்லரும் செய்யக் கற்றனர். அதனைக் கண்ணாற் கண்ட ஓவியன் பழங்கதையிலும் அதனைத் தீட்டினான். இஃது அறியாமை அன்று. தன் காலத்தார் எதற்கு அஞ்சினரோ, அதனைக் காட்டியே அவர்கட்குக் கதையை உணர்த்தினான்.

நம் தோட்டங்களிலும் இவ்வுணர்வு உண்டு. கவ்வாத்துக் கத்தியைப் படைத்துக் கவ்வாத்துச் சாமியை வணங்கியோரும், தொழிற்சாலைச் சக்கரத்தின் பெயரால் ரோதை முனியைக் கும்பிட்டோரும் நம் முன்னோரே. தம் உழைப்பின் கருவியையே அவர்கள் தெய்வத்தின் முன் வைத்தனர். ஏட்டில் இடம்பெறாத அம்மக்களின் வரலாறு இச்சிறு கோயில்களிலேயே எஞ்சியுள்ளது.

இன்றோ திருப்பணியின்போது பழஞ்சுவர்கள் சுரண்டப்பட்டுப் புதுவண்ணம் பெறுகின்றன. தஞ்சையில் மேற்பூச்சின் அடியிலும் சோழர் ஓவியம் பிழைத்திருந்தது. சுரண்டப்பட்ட சுவருக்கு அப்பேறு இல்லை. ஆதலின் மாணவர்காள், உங்கள் தோட்டத்துக் கோயிலில் வண்ணம் பூசுமுன், தெய்வத்தின் கையில் உள்ளது யாதெனப் படமெடுத்துக் குறித்து வையுங்கள். அதனைத் தாங்கி உழைத்த கைகள் நம் பாட்டன்மாருடையவை.