மஞ்சள் ஆடும் கராஜ் இசையும்

1984-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு இசைத்தட்டு அச்சாகி வந்தது. கறுப்பு அட்டை, நடுவே கொம்பு முளைத்த ஆட்டுத் தலை. ஆடு தங்க நிறத்தில் மின்ன வேண்டும் என்பது ஆசை. தங்க மை கட்டுப்படியாகவில்லை. பளீர் மஞ்சளில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் பிரதிகளோடு மஞ்சளை நிறுத்தி, அடுத்த அச்சில் ஆட்டை வெள்ளையாக்கினார்கள். சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைவது அந்த மஞ்சள் ஆட்டைத்தான்.

தட்டின் பெயரும் குழுவின் பெயரும் ஒன்றே: பாதோரி. நடத்தியவர் குவோர்தோன் என்ற புனைபெயர் கொண்ட தோமஸ் ஃபோர்ஸ்பெர்க். அப்போது அவருக்கு வயது 18.

வாய்ப்பு வந்ததே தற்செயல்தான். டைஃபான் என்ற சிறிய ஸ்வீடிஷ் நிறுவனம் நோர்டிக் நாட்டுக் குழுக்களின் தொகுப்புத் தட்டு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. கடைசி நேரத்தில் ஒரு குழு விலக, ஓட்டையை அடைக்க பாதோரியின் இரண்டு பாடல்களைச் சேர்த்தார்கள். தட்டு வெளிவந்ததும் குவிந்த ரசிகர் கடிதங்களில் பெரும்பாலானவை இந்தப் பையன்களைப் பற்றியே இருந்தன. முழு ஆல்பம் போடச் சொல்லாமல் என்ன செய்வார்கள்?

பதிவு நடந்த ஹெவன்ஷோர், கராஜ் ஒன்றை மாற்றிக் கட்டிய ஸ்டுடியோ. அங்கே பிறந்த சத்தத்தைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கிட்டார் தேனீக் கூட்டத்தைக் கலைத்துவிட்டாற்போல இரைகிறது. டிரம்ஸ் மூச்சுவிடாமல் விரைகிறது. எல்லாவற்றுக்கும் மேல், கிணற்றுக்குள்ளிருந்து கத்துவது போல எக்கோவில் தோய்ந்த குரல். வரிகள் புரியாது, மிரட்டல் புரியும். வசதியான ஸ்டுடியோ கிடைத்திருந்தால் ஒலிப்பொறியாளர் இதையெல்லாம் துடைத்துச் சுத்தமாக்கியிருப்பார், குழுவின் தனித்தன்மையும் அத்தோடு போயிருக்கும். சில வருடங்கள் கழித்து நார்வேயின் மேஹெம், டார்க்த்ரோன் போன்ற குழுக்கள் இதே கரகரப்பைத் தேடிப் போயின. பிளாக் மெட்டல் என்ற வகைக்கு அது அடையாளமாகவே ஆகிவிட்டது.

ஆரம்ப நாட்களில் டிரம்ஸ் வாசித்த யோனாஸ் ஓகெர்லுண்ட் முதல் ஆல்பத்துக்கு முன்பே விலகிவிட்டார். பின்னாளில் மடோனாவின் ‘ரே ஆஃப் லைட்’ வீடியோவை இயக்கியவர் இவர்தான்!

ஆரம்பப் பாடல்களை நிறைத்திருந்த சாத்தான் குவோர்தோனுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. 1988-ல் வந்த ‘பிளட் ஃபயர் டெத்’ அட்டையில் ஆடு இல்லை. வானில் பாய்ந்துவரும் நோர்டிக் தெய்வங்களை நார்வே ஓவியர் ஆர்போ 1872-ல் தீட்டிய ஓவியம் இருந்தது. 1990-ன் ‘ஹாமர்ஹார்ட்’ இன்னும் தூரம் போனது. முதல் பாடலே கடல் அலைச் சத்தத்தோடு தொடங்குகிறது. மெல்லிய கிட்டார், பிறகு கனத்த, நிதானமான தாளம், பின்னால் கூட்டுக் குரல்கள். பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. வேகமே உயிர் என்றிருந்த ரசிகர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. வைகிங் மெட்டல் என்ற கிளை இப்படித்தான் தழைத்தது.

கத்துவதை விட்டு அவர் பாடத் தொடங்கியதும் இந்தத் தட்டில்தான். முறையாகப் பயின்ற குரல் இல்லை. உச்சத்துக்குப் போகும்போது சுருதி தடுமாறுகிறது, சில இடங்களில் அப்பட்டமாக விலகியே விடுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் உறுத்தும். ஆனால் எட்டாத சுரத்தை எட்டிவிடத் துடிக்கும் அந்தக் குரலில்தான் பாட்டின் வீரமும் துக்கமும் இருக்கின்றன.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த சில ஆல்பங்கள் சுமார் ரகம். 2002, 2003-ல் வந்த ‘நோர்ட்லண்ட்’ இரு பாகங்களும் பழைய பாதைக்குத் திரும்பின. மேடைக்கு மட்டும் அவர் திரும்பவேயில்லை. தொடக்க காலத்து ஒரு சில நிகழ்ச்சிகளைத் தவிர பாதோரி எங்கும் வாசித்ததில்லை. பேர் பரவியது தட்டு, கேசட், கடிதம் வழியாகத்தான்.

2004 ஜூனில், 38 வயதில், குவோர்தோன் இதயக் கோளாறால் காலமானார். அந்தக் கோடையில் நார்வேயின் பெர்கன் நகரில் நடந்த மெட்டல் விழாவில் அந்நாட்டு இசைக்கலைஞர்கள் பலர் ஒன்றாகச் சேர்ந்து பாதோரி பாடல்களை மேடையில் வாசித்தார்கள்.