கல்லில் உரைத்தது அந்தக் காலம்

பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் எங்கள் திருமுக்கூடல் பக்கம் குண்டுமணித் தங்கம் வாங்கணும்னாலும் நெல் விற்ற காசுதான். அதில் ஏமாறலாமா, சகோதரிகளே?

பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்திலேயே (919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள்) 'பொன் வாரியம்' இருந்தது. உரைகல்லில் ஒட்டிய துகளைக்கூட மெழுகில் எடுத்து ஏரி வாரியத்திடம் ஒப்படைக்கணுமாம். என்ன கண்டிப்பு பாருங்கள்!

நமக்கு இன்று ஹால்மார்க் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் கடை நகையில் மூன்று குறி பார்க்க வேண்டும்: பி.ஐ.எஸ். முத்திரை, தரம் (22 காரட் என்றால் 916), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அந்த ஆறையும் செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். பிள்ளைகளிடம் கொடுத்தால் நொடியில் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி, தோடுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. அதனால் ரசீதை விடாதீங்க. தங்க எடை, கல், கூலி எல்லாம் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க.

பாட்டி காலத்து நகையில் முத்திரை இல்லையே என்று கவலை வேண்டாம். அதை விற்கத் தடையில்லை. பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டித் தரம் பார்த்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்க. அவசரத்துக்கு விற்கும்போது அவர் சொன்ன மாற்றுக்கெல்லாம் தலையாட்டினால், நஷ்டம் நம்ம வீட்டுக்குத்தானே!

– ஒரு வாசகி, திருமுக்கூடல்.