மீன் ஏன் மேலே வந்து வாய் பிளக்கிறது?

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவொன்றில் எங்கள் கடையும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் விடிந்ததும் வருகிற போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். “அண்ணே, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஏர் பம்ப் நல்லாத்தான் ஓடுது. பசியா இருக்குமோ, தீனி போடட்டுமா?”

போடாதீர்கள் என்பேன். தின்றதைச் செரிக்க மீனுக்கு இன்னும் ஆக்ஸிஜன் வேண்டும். தின்னாமல் அடியில் அழுகும் தீனியும் அதே ஆக்ஸிஜனைத்தான் எடுக்கும்.

நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். தண்ணீரில் கரைந்திருப்பது மிகச் சொற்பம். 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. 100 லிட்டர் தொட்டி முழுவதையும் கூட்டினாலும் ஒரு கிராம் தேறாது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றித் தருகிற நல்ல பாக்டீரியாவுக்கும் இதிலிருந்துதான் பங்கு போகவேண்டும். சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். மீனின் உடம்போ அப்போதுதான் கூடுதலாகக் கேட்கும். சென்னைக் கோடையில் மீன் மேலே வருவது இதனால்தான்.

பம்ப் ஓடினால் போதும் என்று நினைக்கிறோம். ஏர் ஸ்டோனிலிருந்து கிளம்பும் குமிழி ஓரிரு நொடியில் மேலே போய் உடைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் அதிலிருந்து கரைவது கொஞ்சம்தான். குமிழியின் பெரிய வேலை, அடித்தண்ணீரை மேலே தூக்கிவந்து மேற்பரப்பைக் கலக்கிவிடுவது. காற்றும் தண்ணீரும் தொடுகிற அந்தப் பரப்பில்தான் ஆக்ஸிஜன் உள்ளே இறங்குகிறது, கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறுகிறது. ஃபில்டரின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பி, பரப்பு முழுவதும் அலையடிக்கச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். தீனியின் எண்ணெய்ப் படலம் மேலே மூடியிருந்தால் ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டு எடுங்கள், ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அதனால்தான் தொட்டி வாங்க வருகிறவர்களிடம் உயரத்தைவிட நீள அகலத்தைப் பாருங்கள் என்று சொல்கிறேன். இரண்டடிக்கு ஓரடி தொட்டிக்கு மேற்பரப்பு இரண்டு சதுர அடி. எவ்வளவு உயரமாகச் செய்தாலும் அது கூடப்போவதில்லை. உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் கேட்டால் நான் கொடுப்பதே இல்லை. கழுத்துவரை நிரப்பினால் காற்று படும் இடம் சுருங்கிப்போகும். தங்கமீனோ நிறையத் தின்று, நிறையக் கழித்து, பெரிதாக வளர்கிற மீன். அழகுக்காக அதை மூச்சுத் திணறவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஃபைட்டரும் குராமியும் வேறு சாதி. தலையில் இருக்கும் ஒரு தனி உறுப்பால் நேராகக் காற்றையே எடுத்துக்கொள்ளும். சந்தையில் கொஞ்சம் தண்ணீரிலேயே விரால் உயிரோடு கிடப்பதும் இப்படித்தான். ஃபைட்டர் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டுப் போனால் பயப்பட வேண்டாம். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி மட்டும் விடுங்கள்.

பம்ப் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் நிறுத்துகிறவர்கள் பலர். உண்மையில் அப்போதுதான் அது கட்டாயம் ஓட வேண்டும். வெளிச்சம் இருக்கும்வரை ஆக்ஸிஜன் தருகிற செடிகள், விளக்கணைத்ததும் வாங்கத் தொடங்கிவிடும். விடியலுக்குச் சற்று முன்பு தொட்டியில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்திருக்கும். பம்புக்கு அடியில் ஒரு ஸ்பான்ஜ் துண்டு வையுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

மேற்பரப்பை நன்றாகக் கலக்கியும் மீன் கீழே இறங்கவில்லை என்றால் அமோனியாவோ நைட்ரைட்டோ கூடியிருக்கலாம். நைட்ரைட் ஏறிவிட்டால் தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீனின் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாது. தாமதிக்காமல் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக. மொட்டை மாடித் தொட்டியில் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். வெயில் நாட்களில் மூடியைத் திறந்து, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்தால் சூடு குறையும். மீன் துள்ளாமல் மேலே வலை போடுங்கள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதிலிருந்து, பெரிய தொட்டி வாங்குகிற எவரையும் பேட்டரி பம்ப் இல்லாமல் நான் அனுப்புவதில்லை. அதுவும் கைவசம் இல்லையா, ஒரு மக்கில் தண்ணீரை அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். தீனி வேண்டாம், ஓரிரு நாள் பட்டினியை நல்ல மீன் தாங்கும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் ட்யூப் வழியாகப் பின்னுக்கு வந்து பம்புக்குள் இறங்கிவிடும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்தவுடன் ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். காற்றில்லாமல் உள்ளே கெட்டுப்போன தண்ணீர் நேரே மீன் மேல் பாயும். முதலில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் பொருத்திய பிறகு ஓட விடுங்கள்.