மாளிகை வீடியோ இருக்கலாமாம்; பெயர்ப் பட்டியல் கூடாதாம்! கூகுள் கம்பெனியைப் பணிய வைத்த 24 மணி நேரக் கெடு

மந்திரிகளின் மாளிகைகளையும் கோடீசுவரர்களின் சொகுசுக் கப்பல்களையும் படம் பிடித்துக் காட்டியது ஒரு யூடியூப் சேனல். வீடியோவை நீக்கு என்று கோர்ட்டு சொன்னது. யூடியூப் கம்பெனி நீக்கவில்லை. அரசாங்கம் கண்ணை உருட்டியது. அப்போதும் நீக்கவில்லை. அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்ற கம்பெனி, 2021-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே அந்தச் சேனல்காரர்களின் வேறொரு வீடியோவை ஓசைப்படாமல் முடக்கியது.

அந்த வீடியோவில் ஆபாசம் இல்லை. ரத்தம் இல்லை. வெட்டு குத்து இல்லை. இருந்ததெல்லாம் 225 வேட்பாளர்களின் பெயர்கள்தான்!

ரஷிய நாட்டில் நடந்த இந்தக் கூத்து பற்றிய விவரம் வருமாறு:-

யார் இந்த நவால்னி?

சேனலின் சொந்தக்காரர் அலெக்சி நவால்னி. வக்கீலுக்குப் படித்தவர். 2011-ல் ஊழல் எதிர்ப்பு நிதியம் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆளும் கட்சியை "மோசடிக்காரர்கள், திருடர்கள் கட்சி" என்று அவர் வர்ணித்தது மூலை முடுக்கெல்லாம் பரவியது.

அரசாங்க டெலிவிஷனில் இவருக்கு இடம் கிடையாது. அதனால் யூடியூபைப் பிடித்துக்கொண்டார். பத்திரப்பதிவு ஆவணம், கம்பெனிக் கணக்கு எல்லாவற்றையும் தோண்டி எடுப்பார். மதில் சுவர் உயரமாக இருந்தால் டிரோன் கேமராவைப் பறக்கவிட்டு மேலே இருந்து படம் எடுப்பார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் புட்டுப் புட்டு வைப்பார். ஜனங்கள் சினிமா பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

2017 மார்ச் 2-ந்தேதி அப்போதைய பிரதம மந்திரி மெத்வதேவ் பற்றிப் படம் போட்டார். கோடீசுவரர்கள் கொடுத்த மாளிகைகளையும் தோட்டங்களையும் அறக்கட்டளைகள் பெயரில் வைத்து பிரதமர் அனுபவிக்கிறார் என்பது குற்றச்சாட்டு. மெத்வதேவ் மறுத்தார். ஆனால் ஒரு மாளிகையின் குளத்துக்கு நடுவில் வாத்துகளுக்கென்று கட்டியிருந்த குட்டி வீட்டை ஜனங்கள் மறக்கவில்லை. அதே மாதம் 26-ந்தேதி பல நகரங்களில் ஊர்வலம் நடந்தது. இளைஞர்கள் கையில் மஞ்சள் ரப்பர் வாத்து! மாஸ்கோவில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கைதானார்கள்.

படத்தில் பெயர் அடிபட்ட உருக்காலை அதிபர் உஸ்மானோவ் கோர்ட்டுக்குப் போனார். மே மாதக் கடைசியில், வீடியோவை நீக்க வேண்டும் என்று மாஸ்கோ கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நவால்னி நீக்க மறுத்தார். யூடியூபும் கையை வைக்கவில்லை. கோர்ட்டு ஒரு பக்கம் இருக்கட்டும் என்று உஸ்மானோவே வீடியோ எடுத்து, "தூ, உன் மேல் துப்புகிறேன்" என்கிற பாணியில் நவால்னிக்குப் பதில் கொடுத்தது தனி வேடிக்கை.

ஒரே உத்தரவு, இரண்டு கம்பெனி

2018 பிப்ரவரியில் அடுத்த வெடி. அலுமினிய அதிபர் டெரிபாஸ்காவின் உல்லாசக் கப்பலில் துணைப் பிரதமர் பிரிகோத்கோ விருந்தாளியாகப் போனார் என்றும், அதுவே ஒரு லஞ்சம்தான் என்றும் நவால்னி குற்றம் சாட்டினார். ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? அந்தக் கப்பலில் போன ஒரு பெண் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஆசையாகப் போட்டு வைத்திருந்த படங்களில்!

டெரிபாஸ்கா குற்றச்சாட்டை மறுத்தார். தன் அந்தரங்கம் பறிபோகிறது என்று கோர்ட்டில் மனுப் போட்டார். உத்தரவு உடனே கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, ரோஸ்கோம்நட்சோர் என்ற தகவல்தொடர்புக் கண்காணிப்பு இலாகா இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் ஓலை அனுப்பியது.

இன்ஸ்டாகிராம் கப்சிப்பென்று நீக்கிவிட்டது. யூடியூப் நீக்கவில்லை.

ஒரே கோர்ட்டு உத்தரவு. ஒரே கெடு. ஒரு கடை ஷட்டரை இழுத்து மூடியது. பக்கத்துக் கடை வழக்கம்போல வியாபாரம் நடத்தியது. அடி விழுந்தது நவால்னியின் சொந்த இணையதளத்துக்குத்தான். அதை ரஷியாவில் முடக்கினார்கள்.

அப்படியானால் யூடியூப் உத்தமக் கம்பெனியா? அவசரப்பட வேண்டாம். அதே ஆண்டு செப்டம்பரில், பென்ஷன் வயதை உயர்த்துவதை எதிர்த்து நவால்னி ஆட்கள் போராட்டம் அறிவித்தார்கள். அவர் அப்போது ஜெயிலில். போராட்டத்துக்கு யூடியூபில் காசு கொடுத்து விளம்பரம் போட்டிருந்தார்கள். அன்று தேர்தல் நாள், இது சட்டவிரோதம் என்று தேர்தல் கமிஷன் கூகுளிடம் புகார் செய்தது. யூடியூபின் முதலாளி கூகுள்தான். விளம்பரம் காணாமல் போயிற்று. பிப்ரவரியில் இருந்த முதுகெலும்பு ஏழே மாதத்தில் வளைந்துவிட்டது.

700 யூரோ கழிவறை பிரஷ்

2020 ஆகஸ்டு 20-ந்தேதி விமானத்தில் போய்க்கொண்டிருந்த நவால்னி அலறித் துடித்துச் சாய்ந்தார். நரம்பைத் தாக்கும் நோவிசோக் விஷம் என்று ஜெர்மனியில் பரிசோதித்துச் சொன்னார்கள். விஷம் வைத்தது நாங்கள் இல்லை என்றது ரஷிய அரசாங்கம். உயிர் பிழைத்தவர், ஜெர்மனியிலேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 2021 ஜனவரி 17-ந்தேதி மாஸ்கோவில் வந்து இறங்கினார். விமான நிலையத்திலேயே கைது.

இரண்டு நாள் கழித்து அவருடைய ஆட்கள் யூடியூபில் ஒரு படத்தை இறக்கினார்கள். கருங்கடல் ஓரத்தில் பிரமாண்ட மாளிகை. அது ஜனாதிபதி புதினுக்காகக் கட்டப்பட்டது என்று குற்றச்சாட்டு. கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஓடும் படம். சில நாட்களிலேயே 10 கோடி தடவை பார்க்கப்பட்டது! அதில் 700 யூரோ விலையுள்ள கழிவறை பிரஷ் பற்றி ஒரு தகவல் வந்தது. நம் பணத்தில் அப்போது ஏறத்தாழ 60 ஆயிரம் ரூபாய். கழிவறை கழுவுகிற பிரஷ்! ஊர்வலத்தில் ஜனங்கள் பிரஷ்சைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாளிகை தன்னுடையதோ தன் குடும்பத்தாருடையதோ அல்ல என்று புதின் மறுத்தார். சில நாளில் அவருடைய நண்பரான தொழிலதிபர் ரோட்டன்பர்க், அது என்னுடையது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இவ்வளவு நடந்தும் யூடியூப் அந்தப் படத்தைத் தொடவில்லை.

ஓட்டல் அறைக் கதவு தட்டப்பட்டது

அடுத்த ஜூனில் நவால்னியின் அமைப்பை தீவிரவாத அமைப்பு என்று மாஸ்கோ கோர்ட்டு அறிவித்தது. செப்டம்பர் 17, 18, 19 மூன்று நாள் பாராளுமன்றத் தேர்தல். மொத்தம் 450 இடம். அதில் பாதி, அதாவது 225 இடங்கள் தொகுதிவாரியாக நிரப்பப்படுபவை.

நவால்னி ஆட்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஆளும் கட்சியைத் தோற்கடிக்க அதிக வாய்ப்புள்ள ஒரே வேட்பாளர் யார் என்று பார்த்து, எந்தக் கட்சியாக இருந்தாலும் அவருக்கே ஓட்டுப் போடுங்கள் என்பது திட்டம். பட்டியலைச் செல்போன் செயலியில் போட்டார்கள். கூகுள் ஆவணமாகப் போட்டார்கள். யூடியூபில் வீடியோவாகவும் போட்டார்கள்.

முதல் நாள் ஓட்டுப்பதிவு தொடங்கிய காலையில் கூகுள், ஆப்பிள் இரண்டு கடைகளிலும் செயலி மாயம்! அடுத்த இரண்டு நாட்களில் கூகுள் ஆவணமும், 225 பெயர் சொன்ன வீடியோவும் அடைபட்டன. சுதந்திரத்துக்குப் பெயர்போன டெலிகிராமும் தன் பங்குக்கு அந்தச் சேவையை நிறுத்தியது. கடைசியில் ஆளும் கட்சிக்கு 324 இடம்.

உள்ளே நடந்தது என்ன என்பதை 2022 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியிட்டது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

மாஸ்கோவில் கூகுளின் உயர் அதிகாரியாக இருந்த பெண் ஒருவரின் வீட்டுக்கு ரகசிய போலீசார் போயிருக்கிறார்கள். "24 மணி நேரம் தருகிறோம். செயலியை எடுக்காவிட்டால் நேரே ஜெயில்" என்பதுதான் அவர்கள் சொன்ன சேதியின் சாரம். கம்பெனி பதறிப்போய் அந்தப் பெண்ணை வேறு பெயரில் ஒரு ஓட்டலில் தங்கவைத்தது. வெளிநாட்டு விருந்தாளிகளும் ஓட்டல் காவலர்களும் இருக்கிற இடம், பயமில்லை என்று நினைப்பு. அந்த அறைக்கே அதே ஆட்கள் வந்து நின்றார்கள். கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள். சில மணி நேரத்தில் செயலி காலி.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த நிலையில் யார்தான் என்ன செய்ய முடியும்? ஆனால் உலகத்துக்கே பேச்சுரிமை பற்றிப் பாடம் எடுக்கிற கம்பெனி, "எங்கள் ஊழியரை மிரட்டினார்கள், அதனால் எடுத்தோம்" என்று ஓட்டுப் போட நின்ற ஜனங்களிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை.

எகிப்து டிரைவர் கதை

கவர்ன்மெண்டு மிரட்டினால்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் தப்பு. கம்பெனி தன் சொந்த விதியைக் காட்டிச் சேனலையே மூடிய சம்பவம் 2007-லேயே எகிப்தில் நடந்திருக்கிறது.

கெய்ரோ நகரில் ஒரு மினிபஸ் டிரைவர். 2006 ஜனவரியில் போலீசாருடன் நடந்த தகராறில் குறுக்கே போனார். ஸ்டேஷனுக்குத் தூக்கிப்போய் சித்திரவதை செய்தார்கள். செய்தது போதாது என்று செல்போனில் படம் எடுத்து, மற்ற டிரைவர்கள் பார்க்கட்டும் என்று பரப்பினார்கள். பயப்படுத்த எடுத்த படமே எமனாக வந்தது. வேல் அப்பாஸ் என்ற பத்திரிகையாளர் உள்ளிட்டவர்கள் அதை இணையத்தில் போட, ஊரே கொதித்தது. முதலில் ஜெயிலுக்குப் போனவர் யார் தெரியுமா? அடிபட்ட டிரைவர்தான்! போலீசாரை எதிர்த்தார் என்று 3 மாதம். அப்புறம் 2007 நவம்பர் 5-ந்தேதி போலீஸ் அதிகாரி ஒருவருக்கும் அவருடைய கீழாளுக்கும் தலா 3 ஆண்டு தண்டனை விழுந்தது.

கோர்ட்டு தீர்ப்பு வந்த அதே மாதத்தில் அப்பாசின் சேனலை யூடியூப் மூடிவிட்டது. கொடூரக் காட்சிகள் என்று புகார் வந்ததாம். போலீஸ் அடாவடி, தேர்தல் தில்லுமுல்லு, போராட்டங்கள் என்று சுமார் 100 வீடியோக்கள் ஒரே அடியில் போயின. நாலாபக்கமும் எதிர்ப்புக் கிளம்பவே மாதக் கடைசியில் சேனலைத் திறந்துவிட்டார்கள். படத்தோடு போதிய விளக்கம் சேர்த்துப் போட்டால் இருக்க விடுவோம் என்று சமாதானம் சொன்னார்கள். அப்பாஸ் உலகம் அறிந்தவர், அதனால் குரல் எழுந்தது. பெயர் தெரியாத ஆள் போட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

யூடியூபின் விதி இதுதான். முதல் தப்புக்கு எச்சரிக்கை. பிறகு 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே காலி. மலைமலையாகக் குவிகிற வீடியோக்களை முதலில் சலிப்பது பெரும்பாலும் இயந்திரம். அடிக்கிறவனின் படமா, அடியை அம்பலப்படுத்துகிறவனின் படமா என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் அதற்கு எப்போதும் இருப்பதில்லை. அப்பீல் செய்யலாம். அப்பீலும் அதே கம்பெனிக்குத்தான்.

36 சைபர் அபராதம்

உக்ரைன் போர் தொடங்கியதும் காற்று திசை மாறியது. 2022 மார்ச்சில் ரஷிய அரசாங்கச் சேனல்களை உலகம் முழுக்க யூடியூப் தடை செய்தது. ரஷியாவில் விளம்பரத்தையும் நிறுத்தியது. இதில் அரசாங்க ஆட்களோடு, ஊழலை எழுதிப் பிழைத்த சின்னச் சேனல்களுக்கும் உள்நாட்டு விளம்பர வருமானம் போயிற்று. நெல்லோடு பதரையும் சேர்த்துக் கொட்டிய கதை.

தடைபட்ட சேனல்கள் கோர்ட்டுக்குப் போய் அபராதம் வாங்கின. நாளுக்கு 1 லட்சம் ரூபிளில் ஆரம்பம். வாரத்துக்கு வாரம் இரட்டிப்பு. மீட்டர் வட்டி தோற்றது போங்கள்! 2024 அக்டோபரில் கூட்டிப் பார்த்தால் 2 போட்டு அதன் பின்னால் 36 சைபர். உலகத்தில் அவ்வளவு பணமே கிடையாது. அந்தத் தொகையை என்னால் உச்சரிக்கக்கூட முடியவில்லை என்று புதினின் செய்தித் தொடர்பாளரே சொல்லிவிட்டார். கூகுளின் ரஷியக் கிளையோ 2022-லேயே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

நவால்னி 2024 பிப்ரவரி 16-ந்தேதி ஆர்க்டிக் பகுதியில் உள்ள கார்ப் என்ற ஊர் ஜெயிலில் இறந்தார். வயது 47. மூன்றாம் நாள் அவருடைய மனைவி யூலியா அதே சேனலில் தோன்றி, கணவர் விட்ட வேலையைத் தொடரப் போவதாக அறிவித்தார்.

அந்த ஆண்டு கோடையில் ரஷியாவில் யூடியூப் இழுக்க ஆரம்பித்தது. படம் ஓடாமல் வட்டம் மட்டும் சுற்றியது. வேகம் 70 சதவீதம் வரை குறையும் என்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பகிரங்கமாகவே சொன்னார். கூகுள் தன் கருவிகளைச் சரியாகப் பராமரிக்காததுதான் காரணம் என்று ரஷியத் தரப்பு கை காட்டியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று கூகுள் பதில் சொன்னது.