கழுத்தில் ஒரு காவல்

கும்பப்பூ பருவ நெல் நடவில் குனிந்து நிமிரும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். படுத்திருந்து எழும்போதோ அரை லிட்டர் அளவு ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. அப்படியும் பெரும்பாலும் நமக்குத் தலை சுற்றுவதில்லை.

தாடைக்குக் கீழே, கழுத்தின் இருபுறமும் பெரிய தமனி கிளை பிரியும் இடத்தில் நரம்பு நுனிகள் உண்டு; மகாதமனியின் வளைவிலும் உண்டு. ரத்த அழுத்தம் குறைந்தால் குழாய்ச் சுவரின் விரிவு குறையும். அதை உணர்ந்த மூளையின் முகுளம் சில நொடிகளில் இதயத்தை விரைவாக்கி, ரத்தக்குழாய்களைச் சுருக்கும். விரிவை உணர்பவை பீசோ புரதங்கள். அவற்றைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கழுத்தின் அந்த இடத்தை அழுத்தினால், அழுத்தம் ஏறிவிட்டதென்று எண்ணி உடல் இதயத்தை மெதுவாக்கும், மயக்கமே வரலாம். கழுத்து வர்மங்களை நம் குமரி மாவட்ட ஆசான்மார் எல்லோருக்கும் சொல்லித் தராததில் எவ்வளவு நியாயம்!

ஆனால் பிரஷர் நெடுநாள் உயர்ந்தே இருந்தால், இந்த நுனிகள் அதையே இயல்பாக எடுத்துக்கொள்கின்றன, குறைக்க முயல்வதில்லை. பெரும்பாலும் வெளியே அறிகுறியும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் பட்டை கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.