சூடமாகும் பைன் பிசின்: சீவி எடுப்பவருக்குச் சட்டத்தில் இடம் எங்கே?

புது தில்லி: கோயிலில் ஏற்றும் சூடம் எதிலிருந்து செய்யப்படுகிறது என்று கேட்டால், கற்பூர மரத்திலிருந்து என்றே பெரும்பாலோர் பதில் சொல்வர். ஒரு காலத்தில் அது சரியான விடைதான். இன்று கடைகளில் கிடைக்கும் சூடத்தின் பெரும்பகுதி, பைன் மரப் பிசினை மூலமாகக் கொண்டு ஆலையில் உருவாக்கப்படுவது. பிசினைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் எண்ணெய் கிடைக்கிறது. அந்த எண்ணெயில் உள்ள ஆல்பா பைனீன் என்ற வேதிப்பொருளைப் படிப்படியாக மாற்றிக் கற்பூரம் ஆக்குகின்றனர். உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் 1960களிலும், நமது காஞ்சிபுரத்தில் 1990களிலும் இதற்கென்றே ஆலைகள் தோன்றின.

வடித்த பின் அடியில் தங்கும் கெட்டிப் பொருளுக்கு ரோசின் என்று பெயர். காகிதத்தில் மை ஊறிப் பரவாமல் காப்பதும், சோப்பிலும் வார்னிஷிலும் அச்சு மையிலும் பசையிலும் சேர்வதும், வயலின் வித்துவான்கள் வில்லில் தேய்த்துக் கொள்வதும் அதுதான். (பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் இப்போது கிடைப்பது அநேகமாகப் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மாற்றுச் சரக்கு, அது வேறு கதை.)

கொடைக்கானல் பைன் காட்டில் நின்று புகைப்படம் எடுத்துக் கொண்டவர்களுக்கு மரத்தின் தோற்றம் தெரிந்திருக்கும். இமயமலையில் பிசின் தருவது அதன் உறவான சிர் பைன் என்ற இனம். பிசினை உத்தரகண்டில் 'லீசா' என்பர். ஹிமாசலப் பிரதேசத்தில் 'பிரோஜா'. பழைய தில்லி நிலையத்தில் இரவில் புறப்படும் ராணிக்கேத் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் காத்கோதாம். அதற்கு மேல் மலைச் சாலையில் இந்த மரங்கள் தொடங்கிவிடும். தலைநகருக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் தொழில் இது. சட்டப் புத்தகங்களைப் புரட்டினால், பிசினுக்குக் கிடைத்திருக்கும் இடம் அதைச் சீவி எடுப்பவருக்குக் கிடைக்கவில்லை என்பது புலப்படும்.

குமரி மாவட்டத்தில் ரப்பர் பால்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை எளிதில் விளங்கும். மரத்தின் பட்டையைச் சீவி, கட்டையில் சற்றே குடைந்து, கீழே ஒரு தகரத் தகட்டைச் செருகி, அதனடியில் குவளையை மாட்டுவது பழைய முறை. சில நாள்களுக்கு ஒருமுறை வெட்டைப் புதுப்பித்தால்தான் பிசின் வடியும். வெட்டு ஆழமானால் மரம் பலவீனமாகி, பலத்த காற்றில் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். இதைத் தவிர்க்க, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மாற்று முறை ஒன்றை வகுத்தது. கட்டையைக் குடையாமல், மேலாகச் சாய்வான மெல்லிய கோடுகளை மட்டும் கீறி, கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த நீர்த்த கரைசலைத் தெளிக்க வேண்டும். கீறல் மூடிக் கொள்ளாமல் பிசின் தொடர்ந்து வடியும். மரத்துக்கு இம்முறை நல்லது. ஆனால் அமிலப் புட்டியைக் கையில் வைத்துக் கொண்டு நாள் முழுவதும் மரத்துக்கு மரம் நடப்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் அது நல்லதல்ல.

மார்ச் நடுவில் தொடங்கி நவம்பர் வரை பருவம். சரிவான மலையில் ஒருவர் நூற்றுக்கணக்கான மரங்களைக் கவனிக்க வேண்டும். ஒரு மரம் பருவம் முழுவதற்கும் தருவது சில கிலோ மட்டுமே. இந்த வேலைக்கு நேபாளத்திலிருந்து வருவோர் ஏராளம். காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கி, ஒப்பந்ததாரர் கொடுத்த முன்பணத்தை எடைக் கூலியில் கழித்துக் கொண்டு, குளிர் தொடங்கும்போது ஊர் திரும்புகின்றனர்.

இந்தப் பிசின் அரசுடைமை ஆன வரலாறு அரசியல் ஆர்வமுள்ள எவரும் அறிய வேண்டியது. குமாவுன் மலைகளில் ஆங்கிலேய வனத்துறை 1890களில் பிசின் எடுக்கத் தொடங்கியது. நைனிதால் அருகே பவாலியில் காய்ச்சி வடிக்கும் ஆலை அமைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிசின் பொருள்களின் மதிப்பு ஏறியது. அதே பத்தாண்டில் கிராமத்தாரின் புழக்கத்தில் இருந்த காடுகள் காப்புக் காடுகளாகின. மேய்ச்சலும் விறகும் குற்றமாயின. 1921 ஜனவரியில், நமது பொங்கல் நாளையொட்டி வரும் உத்தராயணித் திருவிழாவின்போது, பாகேஸ்வரில் திரண்ட மக்கள் கட்டாய ஊழியப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அந்த ஆண்டுக் கோடையில் காடுகள் எரிந்தன. பெருமளவில் எரிந்தவை அரசுக்கு வருவாய் தந்த பைன் காடுகள். பிசின் வடியும் வெட்டுகளும் சேர்த்து வைத்த சரக்கும் தீக்கிரையாயின. அரசு விசாரணைக் குழு அமைத்து, காடுகள் சிலவற்றின் மீதான பிடியைத் தளர்த்த நேர்ந்தது. வன பஞ்சாயத்துகளுக்கு 1931ல் விதிகள் வந்ததும் இந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியே.

குமாவுன் வனப் பிரச்னை குறித்து 1922ல் ஒரு நூல் எழுதியவர் கோவிந்த வல்லப பந்த். பின்னாளில் மத்திய உள்துறை அமைச்சராக, ஆட்சிமொழி பற்றிய நாடாளுமன்றக் குழுவின் தலைவராகத் தமிழகத்தில் அவர் அறியப்பட்டார். மலைவாசிகளின் வன உரிமைக்கு வாதாடிய பந்த்தை நாம் அதிகம் அறிந்ததில்லை. நாடாளுமன்றத்தின் எதிரே நின்ற அவரது சிலையும், புதிய கட்டடப் பணிக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் பண்டித பந்த் மார்க்குக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகும் பிசின் சமவெளிக்கே இறங்கியது. பரேலி அருகே கிளட்டர்பக்கஞ்சில் இருந்த, அரசுப் பங்குடைய பெரிய டர்பன்டைன் ஆலைக்கே முன்னுரிமை. சிப்கோ இயக்கம் என்றவுடன் மரங்களைக் கட்டியணைத்த பெண்கள் நினைவுக்கு வருவர். 1974 மார்ச்சில் ரேணி கிராமத்தில் கௌரா தேவி நடத்திய போராட்டம் பாடப் புத்தகத்திலும் உண்டு. அதற்கு முன்பே அந்த இயக்கத்தின் கோரிக்கைகளில் பிசினும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சண்டி பிரசாத் பட் முன்னின்ற தசோலி கிராம சுவராஜ்ய சங்கம், 1960களின் இறுதியில் கோபேஸ்வரில் சிறிய பிசின் ஆலை ஒன்றை நிறுவியது. பெரிய ஆலைக்குக் கிடைத்த விலையில் அதற்குப் பிசின் கிடைக்கவில்லை. சொந்த மலையின் பிசினை மலைவாசிகள் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டிய நிலை. 1972 டிசம்பரில் நடந்த ஆர்ப்பாட்டங்களின் பின்னணியில் இந்தக் குமுறலும் இருந்தது. 1977ல் டெஹ்ரி பகுதியின் ஹேன்வல் பள்ளத்தாக்கில், அளவுமீறிச் சீவப்பட்ட பைன் மரங்களின் காயங்களில் கிராமத்தார் மண்ணைப் பூசிக் கட்டுப் போட்டனர்.

மாநில அரசுகளின் பதில் சட்ட வடிவில் வந்தது. உத்தரப் பிரதேசம் 1976லும் ஹிமாசலம் 1981லும் பிசின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சட்டங்களை இயற்றின. தனியார் தரகு குறைந்தது உண்மை. ஹிமாசலத்தில் வன மேம்பாட்டுக் கழகம் பிசினைத் திரட்டி, நாகனிலும் பிலாஸ்பூரிலும் உள்ள தன் ஆலைகளில் காய்ச்சுகிறது. ஆனால் காட்டுக்குள் வேலை ஒப்பந்ததாரர் வழியாகவே நடக்கிறது. பிசின் யாருடையது என்பதைச் சட்டம் தெளிவாக்கியது. கூலி யாருடைய பொறுப்பு என்பதை அந்த அளவுக்குத் தெளிவாக்கவில்லை.

சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் படிக்கும் வழக்கு ஒன்றும் இந்தப் பிசினைப் பற்றியதுதான். ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச், ரியாசி, ராம்பன் வனக் கோட்டங்களில், எளிதில் செல்ல முடியாத காடுகளில் ஆண்டுக்கு 10 முதல் 12 லட்சம் வெட்டுகள் வரை பிசின் எடுக்கும் உரிமையை 10 ஆண்டுகளுக்கு ஒரு நிறுவனத்துக்கு மாநில அரசு 1979ல் அளித்தது. ஏலம் விடவில்லை. கஸ்தூரி லால் லட்சுமி ரெட்டி என்ற பெயரில் அறியப்படும் அவ்வழக்கில், 1980 மே மாதம் நீதிபதி பி.என். பகவதி தீர்ப்பளித்தார். பொதுச் சொத்தை அரசு தன் விருப்பம்போல் வழங்க முடியாது, பொதுநலன் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாநிலத்துக்குள் ஆலை அமைவது பொதுநலனே என்று கூறி ஒதுக்கீட்டையும் ஏற்றது. 2ஜி தீர்ப்பைத் தொடர்ந்து 2012ல் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரையின்போதும் இவ்வழக்கு பேசப்பட்டது. அலைக்கற்றைக்கு ஏலம் கட்டாயமா என்ற விவாதத்துக்கு மேற்கோள் தந்தது பைன் பிசின். அந்த லட்சக்கணக்கான வெட்டுகளை வெட்டப் போகிறவர்கள் வழக்கில் ஒரு தரப்பாக இல்லை.

இனி நாடாளுமன்றம். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் 'வனப் பொருள்' என்பதற்கு விளக்கம் தரும்போது, மரம், கரி, அரக்கு, இலுப்பை வகைப் பூ ஆகியவற்றுடன் பிசினையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. காட்டில் கிடைத்தாலும் வெளியே கிடைத்தாலும் அது வனப் பொருளே. 2006 டிசம்பரில் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், 'சிறு வனப் பொருள்' மீது காட்டில் வாழ்வோருக்கு உடைமை உரிமை தந்தது. கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டுக்குழு ஆராய்ந்த மசோதா அது. அதன் பட்டியலில் மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மூலிகை எல்லாம் உண்டு. பிசின் என்ற சொல் இல்லை. தாவரத்திலிருந்து கிடைக்கும் மரமல்லாத பொருள் அனைத்தும் அடங்கும் என்ற பொதுவாசகத்தில் பிசினும் அடங்கும் என்று வாதிடலாம். அவ்வாறு வாதிடுவதே சரி என்பது இச்செய்தியாளரின் கருத்து. ஆனால் மூங்கில் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டும் ஐந்தாண்டுகள் வனத்துறையின் பிடியிலேயே இருந்தது. 2011ல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முதல்வர்களுக்குக் கடிதம் எழுதி, மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமத்துக்கு நேரில் சென்ற பிறகே அங்கு கிராம சபையின் கைக்கு அனுமதிச் சீட்டு வந்தது. பெயரே இல்லாத பிசினுக்கு யார் கடிதம் எழுதுவது?

பிசின் மூங்கிலைப் போன்றதன்று என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. தவறாகச் சீவினால் மரம் சாகும். 90 சென்டிமீட்டர் சுற்றளவுக்குக் குறைந்த மரத்தைத் தொடக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடு வேண்டும். அதற்கு வனத்துறை வேண்டும். உரிமையும் கட்டுப்பாடும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. உத்தரகண்டில் 11,000க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் உள்ளன. அவற்றுக்குப் பயிற்சியும் நேரடி விற்பனை உரிமையும் தந்து பார்க்கலாம். ஆனால் வன உரிமைச் சட்டத்தின் கீழ் மிகக் குறைவான பட்டாக்களே வழங்கிய மாநிலங்களில் உத்தரகண்டும் ஹிமாசலமும் அடங்கும்.

நேபாளத் தொழிலாளியின் நிலை இன்னும் சிக்கல். பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை காட்டில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை அவருக்குப் பொருந்தாது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டமும், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்த நிலையில் 2020 செப்டம்பரில் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும், வேறொரு மாநிலத்திலிருந்து வருபவரையே மனத்தில் கொண்டவை. 1950ஆம் ஆண்டு இந்திய நேபாள ஒப்பந்தம் அவர் இங்கு வந்து தங்கிப் பிழைக்க வழி செய்கிறது; பிழைக்கும் இடத்தில் அமிலம் பட்டால் என்ன என்று அது சொல்லவில்லை.

பிசின் வடியும் வெட்டு காட்டுத்தீயின் வாசல் என்பதையும் மறக்கக் கூடாது. தரையில் உதிர்ந்த ஊசி இலைகளில் பற்றும் தீ, பிசின் படிந்த வெட்டில் ஏறினால் மரத்தை உள்ளே தின்றுவிடும். 2016ல் உத்தரகண்ட் எரிந்தபின், ரேணுகா சௌத்ரி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு காட்டுத்தீ குறித்து அறிக்கை அளித்தது. ஊசி இலைகளை அகற்றுவது பற்றி அதில் விரிவாகவே பேசியது. 2024 ஜூனில் அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர்கள் உயிரிழந்தனர். பருவம் முழுவதும் அதே மரங்களுக்கிடையே இருப்பவர்கள் பிசின் சீவுபவர்கள்தாம். தீயை முதலில் காண்பவர்களும் அவர்களாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கிடையே ஆலைகளின் தேவைக்கு உள்நாட்டுப் பிசின் போதாமல் இந்தோனேசியா, வியட்நாம், பிரேசில் ஆகிய நாடுகளிலிருந்து பிசின் பொருள்கள் இறக்குமதியாகின்றன.

பிசினும் சிறு வனப் பொருளே என்று விளக்கமளிக்கப் பழங்குடியினர் விவகார அமைச்சகத்துக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை தொடக்கமாக அமையும். பிசின் சீவுபவர் அனைவரையும், எந்நாட்டவராயினும், பெயர் பதிந்து விபத்துக் காப்பீட்டுக்குள் கொண்டுவருமாறு ஒப்பந்தப் படிவத்திலேயே நிபந்தனை சேர்க்கலாம். புதிய பருவத்துக்கான கீறல் மார்ச் நடுவில் தொடங்கும். அப்போது பட்ஜெட் கூட்டத்தொடரின் இரண்டாம் பகுதி வழக்கமாக நடந்து கொண்டிருக்கும். பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் மக்களவையில் தனித்தனியே விவாதிக்கப்படாமல், 'கில்லட்டின்' முறையில் ஒரே மூச்சில் நிறைவேற்றப்படும் காலமும் அதுதான்.