கடைசல் பட்டறையின் சாவி

ஊரைவிட்டு வெளிக்கிடும்போது பிள்ளைகளையும் காணி உறுதியையும் விதை நெல்லையும் எடுத்துக்கொண்டு வந்தவர்களே அதிகம். நான் அறிந்த ஒரு பெரியவர் இவற்றோடு ஒரு கடைசல் இயந்திரத்தையும் கொண்டுவந்தார். 1995 ஒக்டோபரில் வலிகாமம் வெறுமையாவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே அதைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டார். அடுத்த ஆண்டு கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து அது வன்னிக்கு வந்து சேர்ந்தது. முப்பது வருட உழைப்பில் அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

நாங்கள் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தோம். மின்சாரம் இல்லாத இடம். ஒரு பழைய எஞ்சினில் பெல்ட் பூட்டி இயந்திரத்தை ஓட்டினார். எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த காலம் அது. தேய்ந்துபோன ஒரு புஷ்ஷைக் கடைந்து கொடுக்க ஆள் இல்லாவிட்டால் நீர் இறைக்கும் இயந்திரம் நின்றுவிடும். தோட்டமும் அதோடு போய்விடும். ஆகவே அந்தக் கொட்டிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருந்தன.

பெரியவர் ஒரேயொரு நிபந்தனை வைத்தார்: "சுவாமி, என்னைக் கேளாமல் இதிலை ஒருதரும் கை வைக்கக்கூடாது. படிப்பிக்கிறதெண்டால் நான் படிப்பிக்கிறன்." நானும் ஒப்புக்கொண்டேன்.

முதல் அறிகுறிகள்

உதவிக்கு ஓர் இளைஞனைச் சேர்த்தோம். சைக்கிள் திருத்துவதில் கெட்டிக்காரன். சுறுசுறுப்பும் உண்டு. ஆனால் இயந்திர வேலையை முறையாகப் பழகியவன் அல்லன்.

சில வாரங்களில் பெரியவர் என்னிடம் வந்தார். உளி தீட்டும் சாணைக்கல்லில் அலுமினியம் படிந்திருந்தது. அளவு பார்க்கும் வேர்ணியர் இடுக்கியால் யாரோ இரும்பில் கோடு கிழித்து, அதன் முனை மழுங்கியிருந்தது. "ஆரெண்டு தெரியும். நீங்கள்தான் சொல்லவேணும், சுவாமி" என்றார்.

"பொடியன் பழகிறான், விடுங்கோ" என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மென்மையான உலோகத்தைச் சாதாரணச் சாணைக்கல்லில் பிடித்தால் கல்லின் கண்கள் அடைபடும். கல் வெட்டாது, சூடேறும். சூடேறிய கல் வெடித்துச் சிதறவும் கூடும். அளவுக் கருவியின் முனை மழுங்கினால் அதற்குப் பின் எடுக்கும் அளவு பிழைக்கும். இவை சின்ன விஷயங்கள் அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அந்த நாள்

1997 ஆம் ஆண்டு, மிளகாய்ச் செய்கைக் காலம். பெரியவர் மலேரியாக் காய்ச்சலில் படுத்துவிட்டார். கொட்டிலின் சாவி என்னிடம் இருந்தது.

ஒரு விவசாயி தன் நீர் இறைக்கும் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, இண்டைக்குத் தண்ணி விடாட்டிக் கண்டெல்லாம் சரிஞ்சு போம்" என்று கெஞ்சினார். இளைஞன் என்னிடம் ஓடிவந்தான். "ஃபாதர், சின்ன புஷ் ஒண்டுதான். ஐயா செய்யிறதை எத்தனை தரம் பாத்திட்டன்." நான் சாவியைக் கொடுத்தேன். பெரியவரின் குடிசை நூறு யார் தூரத்தில்தான் இருந்தது. போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெண்கலத் துண்டைச் சக்கில் இறுக்கியவன் இறுக்கிய சாவியைக் கழற்ற மறந்துவிட்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட்டைத் தள்ளினான். சக் சுழன்றதும் அந்தச் சாவி கத்தி ஓடும் தண்டவாளத்தில் அடித்துத் தெறித்து, பக்கத்தில் நின்ற விவசாயியின் முன்கையில் பட்டது. எலும்பு முறிந்தது. தண்டவாளத்தில் ஒரு வடு விழுந்தது. அந்த இடத்தில் கத்தி ஏறி இறங்கும். அங்கே கடையும் எதுவும் அளவுக்கு வராது.

காய்ச்சலோடு எழுந்துவந்த பெரியவர் முதலில் விவசாயியின் கையைப் பார்த்தார். பிறகு தண்டவாளத்தை விரலால் தடவினார். இளைஞனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம், சுவாமி" என்றார்.

யார் பிழை?

மாலையில் எல்லோரும் கூடினோம். இளைஞனைக் கலைத்துவிடவேண்டும் என்றே பலரும் சொன்னார்கள். அவன் தெரியாத வேலையைத் தெரியும் என்றான், அது பிழை. ஆனால் முதல் அறிகுறியை மூடி மறைத்தவன் நான். என்னுடையதல்லாத பொருளுக்கு அனுமதி கொடுத்தவனும் நான். அவசரம் என்பது உரிமை ஆகாது. இதை அன்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன்.

பெரியவர் இளைஞனைக் கலைக்க விடவில்லை. "கலைச்சால் வேறை எங்கையாவது போய் இதையே செய்வான். இருக்கட்டும். ஆனால் நான் சொல்லுற ஒழுங்கிலை படிக்கவேணும்" என்றார். முதலில் கூட்டித் துடைத்து எண்ணெய் விடுவது. பிறகு ஓர் இரும்புத் துண்டை அரத்தால் நான்கு பக்கமும் மட்டமாக அராவுவது. அது சரிவந்த பின்பே துளையிடும் இயந்திரம். கடைசல் இயந்திரம் எல்லாவற்றிலும் கடைசி.

விவசாயியின் தோட்டத்துக்கு அயலவர்கள் முறைவைத்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். களை பிடுங்கும் வேலை இளைஞனுக்கும் எனக்கும். பாதிக் கன்றுகள்தான் தப்பின. தண்டவாள வடுவைப் பெரியவர் அரத்தாலும் எண்ணெய்க் கல்லாலும் பல நாள் தேய்த்து ஓரளவு சரிசெய்தார். பழையபடி அது வரவில்லை.

அன்று பலகையில் எழுதி மாட்டியவை

1. உரியவரைக் கேளாமல் கருவியைத் தொடாதே. சாவி வைத்திருப்பவர் உரியவர் அல்லர்.
2. சக் சாவியிலிருந்து கையை எடுக்குமுன் சாவியைச் சக்கிலிருந்து எடு.
3. சுழலும் இயந்திரத்துக்குக் கிட்டச் சாரம், நீண்ட கை, கையுறை, கழுத்துச் சங்கிலி வேண்டாம்.
4. புதுச் சாணைக்கல்லைப் பூட்டுமுன் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார். கணீர் என்று கேட்டால் நல்லது. சத்தம் அடைத்துக் கேட்டால் வெடிப்பு உண்டு.
5. சாணைக்கல்லுக்கும் தாங்கிக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றருக்கு மேற்படாதிருக்கட்டும். இயக்கியவுடன் கல்லுக்கு நேரே நில்லாதே.
6. கருவி பழுதுபட்டால் அன்றே சொல். சொல்பவனை ஏசக்கூடாது.

கடைசி வரியை எழுதச் சொன்னவர் பெரியவர். ஏச்சுக்குப் பயந்துதான் பொடியன் மழுங்கிய முனையை மறைத்தான் என்று அவர் கண்டிருந்தார்.

மீளக் குடியேறிய பின் சங்கத்தின் உழவு இயந்திரம், அயலவரின் மருந்து தெளிகருவி, உறவினரின் சூடடிக்கும் இயந்திரம் என்று பலருடைய பொருட்களை நாங்கள் மாறி மாறிப் பாவிக்கிறோம். இழந்த பின் ஒருவர் சேர்த்த பொருளில் அவருடைய வருடங்கள் இருக்கின்றன. உங்கள் சங்கத்தில் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் யாரைக் கேட்டுக் கொடுக்கிறார் என்பதை அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானியுங்கள்.

அடுத்த வருடம் பெரியவர் கொட்டில் சாவியைத் தாமாகவே அந்த இளைஞனிடம் நீட்டினார். அவன் உடனே வாங்கவில்லை. "ஐயா, முதல் நாள் நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ" என்றான். பெரியவர் வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார்.